மூன்று முறை பவளம்

உதடுகள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, உள்ளே ஒரு சொல் முட்டுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் சேர்மதுரை இப்படித்தான் நின்றார், பேர் என்ன என்று கேட்க வாயெடுத்தவர் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கடைசியில், உங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவாவ என்று ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தார், எனக்குச் சிரிப்பு வந்தது, அப்போதே பிடித்தும் போனது. ப, பா, பே எதில் சொல் தொடங்கினாலும் அவருக்குத் திக்கும், பார்த்ததோ பஸ் கண்டக்டர் வேலை, பாளையங்கோட்டை வந்தால் கோட்டை, கோட்டை என்று கத்துவார், எந்தக் கோட்டைவே, செங்கோட்டையா என்று பயணிகள் வம்புக்கு இழுப்பார்கள். அத்தைதான் விடவில்லை, பெற்ற மகனாயிற்றே, காலையில் தோசை சுடும்போது அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார வைத்து, அவசரப்படாதலே, ஊதுத மாதிரி சொல்லு என்பாள், இவர் பாளை, பாளை என்று ஊதுவார், ஊதி ஊதி ஒருநாள் முழுப் பாளையங்கோட்டையும் வழுக்கிக்கொண்டு வந்தது, பிறகு வாய் ஓயவே இல்லை, வயிற்றில் பிள்ளையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன், பொட்டப்பிள்ளைன்னா எங்கம்மை பேருதான், பவளம், பவளம், பவளம், எப்படி வருது பாத்தியா என்று பீற்றிக்கொள்கிறார், அத்தை அடுப்படியிலிருந்து சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது, நினைவா கனவா தெரியவில்லை, அவள் போய்விட்டாள் என்பது மட்டும் தெரிகிறது.

அவளை எடுத்துப் போய்விட்டு வந்து, ஈர வேட்டியோடு பானைத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தவருக்குப் பானை வரவில்லை. பழையபடி ஆயிட்டானே என்று சொந்தம் முழுக்க உச்சுக்கொட்டியது, மறுபடி ஊதிப் பழகலாம் என்று அடுப்படிக்குப் போனவர் மணையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார், அவர் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை, அம்மாவைத் தேடிய பிள்ளை, அவள் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது, அவ்வளவுதான், ஆனாலும் அழுதேன்.

துக்கம் கழியட்டும் என்று தள்ளிப்போட்டு, ஆறாம் மாதத்தில் இன்று பேர் வைக்கிறோம், மகள் என் மடியில், அவருடைய அக்காள் அமராவதி மதினி தாம்பாளத்தோடு நிற்கிறாள், தகப்பந்தான் காதுல சொல்லணும், மூணு தடவ தெளிவாச் சொல்லணும், ஒனக்கு வராட்டி செல்வின்னு மாத்திருவோம்டா தம்பி, அம்மா கோவிச்சுக்கிட மாட்டா என்கிறாள், நல்ல மனதோடுதான் சொல்கிறாள், இவர் தலையை ஆட்டி மறுக்கிறார், குனிகிறார், ப என்கிறார், ப, ப, பவளம், அவர் கண்ணில் நீர் தளும்புகிறது, அந்தச் சொல்லின் காற்று காதில் பட்ட கூச்சத்தில் பிள்ளை தோளைச் சுருக்கிக்கொண்டு நெளிகிறாள், ஈறு தெரியச் சிரிக்கிறாள், இவரும் சிரித்துவிடுகிறார், இன்னும் ரெண்டு தடவ இருக்கு என்கிறாள் மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஆகட்டும் மதினி, என்ன அவசரம் என்கிறேன், அவர் மறுபடி குனிகிறார், உதடுகள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, உள்ளே சொல் முட்டுகிறது, பிள்ளை இப்போதே தோளைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கிறாள்.