தரையெல்லாம் புல்தைலம்

மோகன்குமாரின் மனைவி தனப்பிரியாவின் கருமாதி முடிந்ததும் உறவுக்காரர்கள் வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனார்கள். மகள் யுவஸ்ரீ உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள்.

“இது நம்ம ஊடு இல்லீங்கப்பா. அம்மா வாசமே காணோம்.”

தனப்பிரியா எலுமிச்சை வாசமடிக்கும் புல்தைலம் கலந்து தரையைத் துடைப்பாள் என்பது மட்டும் மோகன்குமாருக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. பாதி பாட்டிலை வாளித் தண்ணீரில் கவிழ்த்தான். எண்ணெய் மேலேயே மிதந்தது. கலக்கினாலும் சேரவில்லை. வேறு எதையோ சேர்ப்பாள். எதை என்றுதான் பிடிபடவில்லை. அப்படியே துடைத்தான்.

வாசம் வந்ததும் யுவஸ்ரீ உள்ளே ஓடிவந்தாள். வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் பதறினான். அவளோ சிரித்தாள்.

“இன்னொருக்கா வழுக்கட்டுங்களாப்பா?”

தரையை மறுபடி துடைப்பதா, விட்டுவிடுவதா என்று விளங்காமல் துணியோடு நின்றான்.