கொடியில் இருந்த ஓட்டை

ஒரு பட்டாளம் எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தியாகு கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுவான்.

"மூணு பழைய சட்டையப் பிரிச்சு ஒரு புதுச் சட்டை தைக்கிற வேலைதான் ராமையா. இந்தக் கோட்டப் பாரு, எல்லாம் இதுலயே இருக்கு."

மேசைமேல் கிடந்தது ராயல் ஃபெல்ஷயர் ரெஜிமென்ட் அதிகாரி ஒருவரின் விருந்துக் கோட்டு. வளைகுடாவில், ராஸ் அல் கைமாவின் கல் குவாரிகளைத் தாண்டி, மலைக்குப் பின்புறம் இருக்கும் பயிற்சி முகாமுக்கு அந்தப் பிரிட்டிஷ் காலாட்படை எட்டு மாதத்துக்கு வந்திருந்தது. முகாமில் சமைப்பது, துவைப்பது, தைப்பது எல்லாம் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் பொறுப்பு. தையல் அறையில் இரண்டே பேர். விருதுநகர்ப் பக்கத்துக்காரனான தியாகு ஆறு வருடமாக அங்கே இருக்கிறான். அறந்தாங்கியிலிருந்து வந்த ராமையாவுக்குப் பத்து மாதம்தான் ஆகிறது.

"இவங்க பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு தனித்தனிப் பட்டாளம். ஒவ்வொண்ணும் இருநூறு வருஷத்துக்கு மேல பழசு. செலவக் குறைக்கணும்னு மூணையும் ஒண்ணாக்குனாங்க. பேரு போனாப் போகுது, எங்க வழக்கத்த விடமாட்டோம்னு மூணு பேரும் ஒத்தக் கால்ல நின்னுருக்காங்க. கமிட்டி போட்டுப் பேசி முடிவு பண்ணாங்களாம். காலர்ல இந்தச் சிவப்புத் துண்டு முதல் பட்டாளத்தோடது. பட்டன் ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து இருக்குல்ல, அது ரெண்டாவது. தோள்ல சரிகைக்கு நடுவுல ஒத்தக் கறுப்பு நூலு ஓடுது பாரு, அது மூணாவது. அவங்க ஜெனரல் எப்பவோ செத்ததுக்குத் துக்கம்."

"இன்னுமா துக்கம் கொண்டாடுறாங்க?"

"இன்னும்தான். அந்த நூல விட்டுட்டுத் தைச்சா அந்த அதிகாரிக்கு மானம் போயிரும். விருந்துல ராஜாவுக்கு வாழ்த்துச் சொல்லிக் குடிப்பாங்க. ஒரு பட்டாளத்துக்காரங்க எந்திரிச்சு நின்னு குடிக்கிறவங்க. இன்னொருத்தங்க கப்பல்ல இருந்தவங்க. கூரை தலையில இடிக்கும்னு உக்காந்தே குடிச்சுப் பழக்கம். இப்ப ஒண்ணாயிட்டாங்கல்ல? மேசைக்கு ஒரு பக்கம் நிக்கும், மறு பக்கம் உக்காந்திருக்கும்."

ராமையா சிரித்தான். "மூணு பங்காளிய ஒரே வீட்டுல குடிவெச்ச மாதிரியில்ல இருக்கு!"

தியாகுவுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் சார்ஜென்ட் விட்டேக்கர். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பட்டாளம் இங்கே வந்திருந்தபோது, ஒரு பட்டன் இடம் மாறினால் என்னாகும் என்பதை அவர் உட்கார்ந்து விளக்கியிருந்தார். தெரிந்துகொண்டதை இன்னொருவனுக்குப் பிரித்துக் காட்டுவதில் தியாகுவுக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. பத்து மாதமாக ராமையாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பழைய கொடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல. கொடி வரும்போது நேரில் காட்டிச் சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்று வைத்திருந்தான்.

அதற்குள் கம்பெனி சூப்பர்வைசர் சாதிக் பாட்ஷா வந்து ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்து வர்ற பட்டாளம் சின்னது. டெய்லர் ஒருத்தன் போதும்னுட்டாங்க. ஒரு விசாதான் ரினீவல். யாருக்குன்னு ஸ்டோர் மேஜர் எழுதிக் குடுப்பாரு. இவங்க மூணு பட்டாளமும் ஒண்ணான நாளு, ஃபார்மேஷன் டே விழா, அது முடிஞ்சதும் குடுப்பாரு. மத்த ஆளு கலாஸ், ஊருக்கு டிக்கெட்தான்."

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தச் செய்தி வந்திருந்தால் தியாகு கவலைப்பட்டிருக்கமாட்டான். ஆனால் நடுவில் கர்னலின் கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது. ராமையா அந்தக் கோட்டின் உள்மடிப்பிலிருந்தே இழை உருவி, குறுக்கும் நெடுக்குமாக நெய்து டார்னிங் போட்டுக் கொடுத்தான். மேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை எங்கே இருந்தது என்று தேடினார். கிடைக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டார். தியாகு சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு தையல் அறைக் கதவைத் தட்டுகிறவர்கள் "ராம் இருக்கிறானா?" என்றே கேட்டார்கள்.

தியாகுவுக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடி போட்டும் ஊசிக்காது மங்கலாகத்தான் தெரிகிறது. இந்த வயதில் வேறு கம்பெனி விசா கொடுக்காது. மகள் அகிலா மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவன் ஊருக்குத் திரும்பினால் அந்தப் படிப்பு அன்றோடு நிற்கும். ராமையாவுக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அதைத் தியாகு நினைத்துப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, சார்ஜென்ட் விட்டேக்கர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நீளப் பெட்டியை எடுத்து வந்தார். கொடியை மரச்சட்டத்தில் மாட்டினார்.

"குஞ்சங்களுக்கு மட்டும் ஆவி காட்டு தியாகு. பட்டின்மேல் கை படக்கூடாது. உனக்குத்தான் தெரியுமே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். ராமையா மூலையில் ஸ்டீம் பெட்டி போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவ்வளவு ஆங்கிலம் அவனுக்குப் புரியாது.

ஒரு பட்டாளத்துக்குக் கொடிதான் உயிர். அது போரிட்ட இடங்களின் பெயர்களைப் பட்டில் தைத்து வைத்திருப்பார்கள். கொடி பழசானால் தூக்கி எறியமாட்டார்கள், துவைக்கமாட்டார்கள், கிழிந்தால் தைக்கமாட்டார்கள். தானாக நைந்து தூசியாகும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது கட்டளை. இந்தக் கொடி அந்த மூன்று பட்டாளங்களில் மூத்ததின் கொடி. அதன் நடுவில் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. பீரங்கிக் குண்டு ஒன்று கொடியைத் துளைத்து, அதைப் பிடித்திருந்தவனின் நெஞ்சையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓரமெல்லாம் கருகியிருக்கும். ஃபார்மேஷன் டே அன்று அதிகாரிகள் வரிசையாக வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு எடுப்பார்கள். மூன்று பட்டாளத்துக்காரர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே வழக்கம் அதுதான்.

ராமையா ஸ்டீம் பெட்டியை அணைத்துவிட்டு அருகே வந்தான்.

"அய்யய்யோ, இம்மாம்பெரிய ஓட்டையாண்ணே! எலி கடிச்சிருச்சா?"

தியாகு வாயைத் திறந்தான். பத்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இத வெச்சுக்கிட்டா செவ்வாக்கிழமை விழா நடத்தப் போறாங்க? பாவம். நான் டார்னிங் போட்டுக் குடுத்துறவா? மேஜர் அசந்துருவாரு. பட்டு நூலு இருக்காண்ணே நம்மகிட்ட?"

சுவர் மின்விசிறி ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் திரும்பியது.

"மூணாவது டிராயர்ல இருக்கு" என்றான் தியாகு. பிறகு, கேட்காமலே, "வெள்ள நூல அப்படியே போடாத. பழுப்பா இருக்குற கண்டு ஒண்ணு அடியில கெடக்கும், அதுதான் சேரும். ஒத்த இழையா பிரிச்சுக்க" என்றும் சொன்னான்.

"நீங்க சொன்னா சரியாத்தான்ணே இருக்கும்."

தியாகு மெஸ்ஸுக்குப் போய் மெதுவாகச் சாப்பிட்டான். பிறகு ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். நாலு மணிக்குத் திரும்பியபோது ராமையா கழுத்தைச் சொடுக்கு எடுத்துக்கொண்டு நின்றான். கொடியில் ஓட்டை இல்லை. கர்னலின் கோட்டைவிட இது இன்னும் நன்றாக வந்திருந்தது. விரலால் தடவினால்கூட மேடு தட்டவில்லை.

"எப்படிண்ணே?"

"நல்லாருக்கு" என்றான் தியாகு. அது பொய்யில்லை.

மறுநாள் காலை கொடியை எடுக்க வந்த விட்டேக்கர் சட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். வெளியே போய் மேஜரைக் கூட்டிவந்தார். மேஜரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காதுவரை சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. ராமையா அதைப் பார்த்தான். மனிதர் உருகிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"இதைத் தொடக்கூடாது என்று இவனிடம் யாராவது சொன்னார்களா?" என்று மேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி தியாகுவுக்கு.

"சொன்னேன் சார். நேற்றுக் காலையிலேயே சொன்னேன்."

"அவனையே கேள்."

தியாகு திரும்பினான். "ராமையா, இத நீயேதான் செஞ்சியா, இல்ல யாராவது உதவி பண்ணாங்களான்னு கேக்குறாரு."

"நானேதாண்ணே!" ராமையா முழுப் பல்லும் தெரிய மேஜரைப் பார்த்தான். தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சில் கைவைத்தான். "மீ சார். யெஸ் சார். ஒன்லி மீ."

"சிரிக்கிறான்" என்றார் மேஜர்.

பத்து நிமிடத்தில் செக்யூரிட்டி ஆட்கள் வந்து ராமையாவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "என்னண்ணே ஆச்சு? என்ன தப்புண்ணே?" என்று வேனில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அப்போதுதான் தியாகு அந்த ஓட்டையின் கதையைச் சொன்னான், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, நாலே வாக்கியத்தில்.

"அடக் கடவுளே" என்றான் ராமையா. "எனக்குத் தெரியாதுன்னு அவருகிட்ட சொல்லுங்கண்ணே. உங்களுக்குந்தான் தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொல்லியிருப்பேன்" என்றான் தியாகு.

மேஜரின் உத்தரவு சின்னதாக இருந்தது. பிரித்துவிட வேண்டும். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும். கர்னலுக்குத் தெரியக்கூடாது.

தியாகு விளக்கைத் தாழ்த்தி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டார்னிங்கைப் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. புது இழை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதன் நுனியைப் பிடித்து வந்த வழியே உருவிக்கொண்டு போகலாம். அந்தத் தொடக்கம் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடினான். எது இருநூறு வருடத்து இழை, எது நேற்றைய இழை என்று அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் போனை எடுத்தான். ராமையா கம்பெனியின் லேபர் கேம்பில் இருந்தான்.

"எந்த எடத்துல ஆரம்பிச்ச?"

"நடு எழுத்துக்குக் கீழருந்துண்ணே. ஆனா பிரிச்சாலும் பழைய ஓரம் வராது. ஓரமெல்லாம் கருகிப்போய்ப் பொடியாக் கொட்டுச்சு. அதுல எப்படி நூலு நிக்கும்? சுத்தி வெட்டி எடுத்துட்டுத்தான் நெய்ஞ்சேன்."

"வெட்டுனதெல்லாம் எங்க?"

"குப்பைலண்ணே. நேத்தே கூட்டி அள்ளிட்டேன். அவருகிட்ட சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"யோசிக்கிறேன்னாரு."

"நீங்க அங்க இருக்குறதாலதாண்ணே தைரியமா இருக்கேன்."

தியாகு அதிகாரிகளின் மெஸ் சுவரில் தொங்கிய, அந்தக் கொடியின் பழைய புகைப்படத்தை விட்டேக்கரிடம் கேட்டு வாங்கி வந்தான். படத்திலிருந்த ஓட்டையைத் தாளில் வரைந்து, அளவு எடுத்து, தாளை வெட்டிக் கொடியின் அடியில் வைத்துப் பார்த்தான். பிறகு கூர்மையான சின்னக் கத்தரியை எடுத்துப் பட்டுக்குள் இறக்கினான். ராமையா வெட்டி எடுத்திருந்ததால், ஓரம் நல்ல துணியாகவே இருந்தது. குண்டு துளைத்த ஓரம் அப்படி இருக்காது. குண்டு இழையை வெட்டுவதில்லை, இழுத்து அறுக்கிறது. ஆகவே ஊசி முனையால் ஒவ்வொரு இழையாகக் கிளறி, சிலதை நீட்டி, சிலதைப் பின்பக்கமாகத் தள்ளினான். சாமி படத்துக்குக் கீழே இருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி, நெருப்பைப் பட்டின்மேல் படாமல் ஒரு நெல் தூரத்தில் பிடித்து ஓரத்தைக் கருக்கினான். வேலை முடிய இரண்டு நாளாயிற்று. அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது.

செவ்வாய்க்கிழமை மாலை அதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். கொடிக்குப் பக்கத்தில், குஞ்சத்தைச் சரிசெய்யும் ஆளாகத் தியாகு நின்றான். கர்னல் முதலில் வந்தார். இரண்டு விரலை உள்ளே விட்டார். எடுக்கவில்லை. விரல் ஓரத்தைச் சுற்றி மெதுவாகப் போனது. தியாகு குஞ்சத்தை இன்னொரு முறை சரிசெய்தான். கர்னல் கண்ணை மூடினார், உதடு லேசாக அசைந்தது, விரலை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இருபத்தொரு பேர், ஒருவர் விடாமல், ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஓட்டையை வணங்கினார்கள்.

வியாழக்கிழமை சாதிக் பாட்ஷா காகிதத்தோடு வந்தார். "மேஜர் உன் பேரத்தான் எழுதியிருக்காரு. நம்பிக்கையான ஆளாம். இங்க ஒரு சைன் போடு."

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தியாகு காதில் வைத்துக் கேட்டான். பின்னால் விமான அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஏர்போர்ட்டுல இருக்கேன். உள்ள போகச் சொல்றாங்க. மேஜர் யோசிச்சு ஏதாச்சும் சொன்னா உடனே ஒரு போன் போடுங்கண்ணே, திரும்பி வந்துர்றேன். நீங்க கண்ணாடி போடாம ஊசி கோக்காதீங்க. வெச்சுர்றேன்."

"யாரு?" என்றார் சாதிக் பாட்ஷா.

"அந்த ராமையாதான்."

"அந்தப் பைத்தியக்காரனா? யல்லா, சீக்கிரம் சைன் போடு. கீழ வண்டி நிக்குது."

தியாகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தக் கோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தேடினான்.