பதிலுக்கு நிற்காத அழைப்பு

சர்வர் மறுபடியும் செத்துவிட்டது என்று கணேஸ்வரன் செய்தி அனுப்பியிருந்தார். அந்த மாதத்தில் அது ஒன்பதாவது முறை.

செய்தியைக் காலை பத்து மணிக்குத்தான் பார்த்தேன். என் போன் பதினொரு மாதமாக ஓசையில்லாமல் கிடக்கிறது. என் மனைவி ராகினி இறந்த வாரத்தில் அப்படி வைத்தேன். பிறகு மாற்றவில்லை.

தங்கா பத்துவில் இருக்கும் என் வீட்டிலிருந்து மஸ்ஜித் தானா வழியாக லூபோக் சீனாவுக்கு நாற்பது நிமிடம். அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணேஸ்வரன் உதவி மேனேஜர். தோட்டத்து நர்சரியில் பன்னிரண்டாயிரம் கன்றுகள் கறுப்புப் பைகளில் நிற்கின்றன. அவற்றுக்கான தண்ணீர் ஒரு கிலோமீட்டர் தள்ளி, குளக்கரைப் பம்ப் வீட்டிலிருந்து வர வேண்டும். அந்தப் பம்பை நர்சரியில் இருந்தபடியே இயக்க நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நர்சரியில் இருப்பவர் டேப்லெட்டில் பாத்தி எண்ணைத் தொடுவார். அந்த அழைப்பு பம்ப் வீட்டில் உள்ள சிறிய கணினிக்குப் போகும். அங்கே சி மொழியில் எழுதிய சர்வர் காத்துக்கொண்டிருக்கும். என்ன வேலை, எந்தப் பாத்தி என்று பிரித்துப் பார்க்கும். வால்வைத் திறந்து பம்பை ஓட்டும். குழாயில் அழுத்தம் ஏறும்வரை பொறுத்திருந்து, பிறகு பதில் அனுப்பும். டேப்லெட்டில் பச்சை விளக்கு வரும். அழைக்கிறவருக்குத் தொலைவு தெரியாது. பக்கத்து அறையில் இருப்பவரிடம் ஒரு வேலை சொன்னது போல இருக்கும்.

சர்வர் செத்தால் முப்பது விநாடியில் பம்ப் தானாக நின்றுவிடும். குழாய் வெடிக்காமலிருக்க வைத்த ஏற்பாடு.

மழை இருந்தவரை யாரும் அதை அதிகம் தொடவில்லை. பிப்ரவரி வெயில் வந்தது. சர்வர் சாக ஆரம்பித்தது.

நான் போனபோது கணேஸ்வரன் மேசையில் ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தார்.

“ஒன் புரோகிராம்ல தப்பு இல்லன்னு மேல சொல்லிட்டேன் சுரேன். இது ஆளு பண்ற வேல. நீ ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து போடு, முடிஞ்சுது.”

“எந்த ஆளு?”

“பெரியநாயகி அக்கா. நர்சரி மண்டோர், அங்க வேல வாங்குறவங்க. டேப்லெட் வந்ததுலேருந்து அவங்களுக்குப் புடிக்கல லா. பம்ப் வீட்டுக்குப் போயி மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்றத ரெண்டு பேரு பாத்துருக்காங்க. காரணம் கேட்டு ஷோ-காஸ் லெட்டர் குடுத்தாச்சு. நாளைக்கு வெள்ளிக்கெழம கடைசி.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, நர்சரிலேருந்து எடுத்துருவாங்க. உதிரிப்பழம் பொறுக்கப் போகணும்.”

உதிரிப்பழம் பொறுக்குவது நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்று கணேஸ்வரனே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பதிவுகளைப் பார்த்தேன். ஒன்பது முறையும் ஒரே மாதிரி இருந்தது. ‘மூன்றாம் பாத்தி திறந்தது’ என்று ஒரு வரி, அல்லது நான்காம் பாத்தி, ஐந்தாம் பாத்தி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கணினி புதிதாக எழுந்திருக்கிறது. பார்த்தால் யாரோ மின்சாரத்தை நிறுத்தியது போலத்தான் இருந்தது. நிரல் தவறு செய்து சாகும்போது பெரும்பாலும் எதையாவது சொல்லிவிட்டுச் சாகும். இது ஒன்றும் சொல்லவில்லை.

டேப்லெட்டை வாங்கி நானே சோதித்தேன். நாற்பது முறை. நாற்பது முறையும் பச்சை வந்தது.

கையெழுத்துப் போட்டிருப்பேன். அதற்கு முன் நிரலை ஒருமுறை படித்தேன். மேலே தேதி இருந்தது. போன ஏப்ரல். ராகினிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது மார்ச் கடைசியில். நான்கு நாள். அதற்கு இரண்டு வாரம் கழித்து இதை எழுதியிருக்கிறேன். பெயர் என்னுடையது. ஒரு வரிகூட நினைவில்லை. யாரோ எழுதியதைப் படிப்பது போல இருந்தது.

“நாளைக்குக் காலைல அவங்க தண்ணி விடுறப்ப நான் பக்கத்துல நிக்கணும்” என்றேன்.

“நின்னு?”

“பாக்கணும்.”

தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். “பத்து மணி வரைக்கும்தான். மூணாம் பாத்திக்கு ரெண்டு நாளா சரியாத் தண்ணி இல்ல. இன்னொரு நாளு தாங்காது.”

மறுநாள் காலை ஆறரைக்கு நர்சரியில் இருந்தேன். பெரியநாயகி அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன், அதன் பையில் டேப்லெட்.

“ஓ, தம்பிதான் அந்தப் பொட்டி செஞ்சவரா? என் முழங்காலே தேவல. ஒங்க பொட்டி எடுத்ததுக்கெல்லாம் உக்காந்துருது.”

“மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணீங்களாக்கா?”

“பண்ணேன். ஒம்போது தடவ. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் அது முழிக்குது. அங்கயே நின்னு மறுபடி அமுக்கி, பம்ப் ஓடுறதப் பாத்துட்டுத்தான் வருவேன். கன்னு காயுது, நான் என்னா பண்ண? ஆபீஸ்ல எட்டு மணிக்குத்தான் ஆளு. பொட்டி மேல ஒட்டியிருந்த ஒங்க நம்பருக்கு அடிச்சேன். எடுத்தீங்களா?”

போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண் ஒன்றிலிருந்து பதினான்கு அழைப்புகள். எல்லாம் ஏழு மணிக்கு முன்னால் வந்தவை.

“அத ஆபீஸ்ல சொல்லலியாக்கா?”

“யாரு கேட்டா? லெட்டர்தான் வந்துச்சு. அதுவும் மலாய்ல. என் மருமவன் படிச்சுச் சொன்னான்.” டேப்லெட்டை வெளியே எடுத்தார். “சரி, பாக்க வந்தீங்கல்ல. பாருங்க.”

முதல் பாத்தியைத் தொட்டார். உடனே பச்சை. இரண்டாம் பாத்தியும் அப்படியே. மூன்றாம் பாத்தியைத் தொட்டார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அவர் விரலால் திரையை மேலே தள்ளி நிரலை மூடினார். டேப்லெட் பைக்குள் போய்விட்டது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தும் விட்டார்.

“அக்கா. பதில் இன்னும் வரலியே.”

“எதுக்குப் பதிலு? அடிச்சாச்சுல்ல.”

“பச்ச வர்ற வரைக்கும்…”

“என்னா தம்பி நீங்க. மிஸ்கால் குடுத்துட்டு யாராச்சும் போனக் காதுல வச்சுக்கிட்டு நிப்பாங்களா?”

நான் அவருடைய ஏப்ரன் பையையே பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் விளக்கினார்.

“மின்ன பம்ப் வீட்ல வீராசாமி அண்ணன் இருந்தாரு. பதிமூணு வருசம். மூணாம் பாத்திக்கு மூணு ரிங்கு, நாலாம் பாத்திக்கு நாலு. விட்டுக் கட் பண்ணிருவேன். தண்ணி வந்துரும். ஒரு நாளும் அவரு போன எடுத்ததில்ல. ஒருவாட்டி தெரியாம எடுத்துட்டாரு, டாப்-அப் போச்சேன்னு ரெண்டு நாளு பேசலயே நான்.”

மூன்றாம் பாத்தியில் தெளிப்பான்கள் சீறின. தலைகள் சுற்றின. பைகளின் மேல் தண்ணீர் விழுந்து புழுதி வாசம் எழுந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பதை நெருங்கியதும் சீறல் குறைந்தது. தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

“பாத்தீங்களா? உக்காந்துருச்சு” என்றார்.

காரில் பம்ப் வீட்டுக்குப் போனேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

முதல் இரண்டு பாத்திகள் பக்கத்தில் இருக்கின்றன. பதில் உடனே போய்விடும். மூன்றாம் பாத்தி முதல் தூரம். அழுத்தம் ஏற எட்டு விநாடி ஆகும். அதற்குள் அக்கா இணைப்பை அறுத்துவிடுகிறார். சர்வருக்கு அது தெரியாது. வேலையை முடித்துவிட்டுப் பதில் எழுதுகிறது. பதில் இரண்டு துண்டாகப் போகிறது. முதல் துண்டு போன பிறகுதான் அந்தப் பக்கம் யாருமில்லை என்று தகவல் வருகிறது. சர்வர் இரண்டாவது துண்டையும் எழுதப் பார்க்கிறது. அப்போது இயங்குதளம் அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். சிக்பைப் என்று பெயர். என்ன செய்ய வேண்டும் என்று நிரல் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்காவிட்டால், விதி இதுதான்: கேட்க யாரும் இல்லாத இடத்துக்கு எழுதும் நிரல் அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஒரு வார்த்தை இல்லாமல்.

கல்லூரியில் படித்ததுதான். சர்வர் எழுதுகிறவர்கள் முதலில் போடுகிற வரி. ஏப்ரலில் நான் போடவில்லை.

கணேஸ்வரனை வரச்சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

கணேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

“அப்ப அந்தக்கா தப்பாத்தான் அமுக்கியிருக்காங்க. பச்ச வர்ற வரைக்கும் நிக்கணும்னு நோட்டீஸ் ஒட்டிருவோம். லெட்டருக்கும் அதையே எழுதிரு.”

“இல்ல சார். தப்பு என்னுது.”

“மூடுனது அவங்கதானே?”

“மூடுவாங்க. மழையில லைன் போகும், பேட்டரி தீந்துரும். கூப்புட்டவங்க பாதியில போயிருவாங்கன்னு தெரிஞ்சுதான் சர்வர் எழுதணும். நான் எழுதல. அவங்க சுவிட்ச்ச ஆஃப் பண்ணலன்னா கன்னு எப்பவோ போயிருக்கும்.”

“எப்ப எழுதுன இத?”

“ஏப்ரல்ல.”

அவர் ஹெல்மெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராகினியின் சாவுக்கு வந்து, கடைசிவரை நின்றவர்.

“லீவு எடுன்னு சொன்னேன் லா அப்பவே” என்றார். “கேட்டியா நீ?”

“லெட்டர வாபஸ் வாங்கணும் சார். நான் எழுதித் தர்றேன்.”

“மொதல்ல தண்ணி வரட்டும்.”

மணி எட்டேகால். பம்ப் வீட்டுத் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அந்தச் சமிக்ஞையைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல ஒரு வரி போதும். ஆனால் அதோடு விட முடியாது. எழுத முடியவில்லை என்பதை இனி நிரலே பார்க்க வேண்டும். பார்த்து, அறுந்த இணைப்பை மூட வேண்டும். அந்த அழைப்புக்காக எடுத்த நினைவகத்தை விடுவிக்க வேண்டும். பம்பை ஓடவிட்டு, அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். மொத்தம் பதினொரு வரி வந்தது. இரண்டு முறை படித்தேன். இந்த முறை எழுதியது நினைவிருக்கும்.

பம்ப் வீட்டிலிருந்து நர்சரி தெரியாது. கூப்பிட்டாலும் கேட்காது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“மூணாம் பாத்திய அமுக்குங்கக்கா. எப்பவும் போல ஒடனே மூடிருங்க. தண்ணி வந்து, நூறு எண்ணுற வரைக்கும் நிக்காம ஓடுனா எனக்கு ஒரு மிஸ்கால் குடுங்க.”

“எடுத்துற மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“அதான் தெரியுமே” என்று வைத்துவிட்டார்.

பம்ப் ஓடும் இரைச்சலில் போன் அதிர்வது தெரியாது. ஓசையைத் திறந்து, முழுதாக ஏற்றி வைத்தேன்.

திரையில் ஒரு வரி வந்தது. மூன்றாம் பாத்தி திறந்தது. பம்ப் உறுமி எழுந்தது. எட்டு விநாடி. அடுத்த வரி: அழைத்தவர் இல்லை, இணைப்பு மூடப்பட்டது. கணேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது. முப்பது. நாற்பது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அறுபது. நூறு. அவர் கையை இறக்கினார்.

அப்போது குக்கர் விசில் அடித்தது.

“யாரு லா இங்க சமைக்கிறது?” என்று கணேஸ்வரன் சுற்றிலும் பார்த்தார்.

மறுபடியும் ஒரு விசில். நின்றுவிட்டது. என் போன்தான். எங்கள் வீட்டுக் குக்கரின் சத்தத்தைப் பதிந்து ராகினி அதில் வைத்திருந்தாள். நான் இரண்டு முறை சோற்றைத் தீயவிட்ட பிறகு. இந்தச் சத்தத்துக்காவது எழுந்து வருகிறாயா பார்க்கிறேன் என்றாள். இதை நான் மறந்திருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கணேஸ்வரன் என்னைப் பார்த்தார். பிறகு குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காம் பாத்திக்கு இரண்டு விசில். ஐந்தாம் பாத்திக்கு இரண்டு. ஒன்பதரைக்கு எல்லாப் பாத்தியும் நனைந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் கணேஸ்வரன் நின்றபடியே படித்தார். ஷோ-காஸ் கடிதத்தின் குறுக்கே ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைத் தானே நர்சரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பெரியநாயகி அக்கா அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்தார். “இதுவும் மலாய்தானா?” என்று கேட்டார். பிறகு என்னிடம், “ஒங்க பொட்டி பரவால்ல தம்பி. வீராசாமி அண்ணன் வெள்ளிக்கெழமன்னா வரவே மாட்டாரு. சாயங்காலத் தண்ணிக்கும் மிஸ்கால் குடுக்கவா?”

“குடுங்க” என்றேன்.

நாலரை மணிவரை பம்ப் வீட்டில் இருந்தேன். திரும்பும் வழியில் மஸ்ஜித் தானாவில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்தினேன். சாப்பாடு கட்டித் தரும் கடைகளில்தான் இத்தனை நாளும் நிற்பேன். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தபோது போனில் விசில் அடித்தது. இரண்டு முறை. நின்றது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “போன எடுக்கலியா?”

“எடுக்கக் கூடாது” என்றேன். “தண்ணி வந்துருச்சுன்னு அர்த்தம்.”