இருட்டைக் காணாத கோழிகள்

குஞ்சுகள் வந்திறங்கிய நாளிலிருந்து அந்தக் கொட்டகையில் விளக்கு அணைந்ததே இல்லை. வெளிச்சம் இருந்தால் கோழி தின்றுகொண்டே இருக்கும், தின்றால் எடை ஏறும் என்பது பெரியவனின் நம்பிக்கை. நேரத்துக்கு விளக்கை அணைக்கும் டைமரைப் பிடுங்கிப் பரணில் எறிந்துவிட்டான். பகலும் இரவும் தெரியாதபடி நாற்புறமும் கறுப்புப் படுதா. அதற்குள்ளேயே கட்டில் போட்டுக் காவல் கிடந்ததில் அவனுக்கும் உறக்கம் போயிற்று.

எடை ஏறத்தான் செய்தது. கால்தான் தாங்கவில்லை. பெருத்த மார்பைச் சுமக்க முடியாமல் சரிந்தவற்றை மற்றவை கொத்தின. ஒரு பொட்டு ரத்தம் போதும். அந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லாக் கண்ணுக்கும் பட்டுவிடும். உயிரோடே குடலை உருவின. சில, தீனித் தட்டருகிலேயே மல்லாந்து, சிறகடித்து, நெஞ்சு நின்று செத்தன.

ஒருநாள் மத்தியானம் பெரியவனின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது, அவன் தம்பி செத்தவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அதுகளுக்கும் இருட்டு வேணும்ணே. தின்னது செரிக்க வேண்டாமா? எலும்பு இறுக வேண்டாமா?”

“வாங்க டாக்டரு! அப்படியே தாலாட்டும் பாடிருங்க.”

“பாடலாம். மொதல்ல உனக்குத்தான் பாடணும். கண்ணப் பாரு, மொளகாப் பழமாட்டம்.”

அவள் சிரித்துவிட்டாள். அதுவே வினையாயிற்று. மண்வெட்டிக் காம்பு சின்னவன் மண்டையில் இறங்கியது. விழுந்தவன் முதுகில் இன்னொன்று. அடுத்ததற்குப் பெரியவன் இரும்புப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்தான்.

“ஐயோ, கூடப் பொறந்தவன்யா!”

அவன் காதில் ஏறவில்லை. கடவுளே என்று அவள் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்துவிட்டாள்.

பிறந்ததிலிருந்து இருட்டை அறியாத கோழிகள் அலறிக்கொண்டு மூலைக்குப் பாய்ந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி மிதித்தன. அடியில் எலும்பு நொறுங்குவது கேட்டது.

“நசுங்கிச் சாவுதுடி! லைட்டப் போடு!”

“கையில இருக்கறத மொதல்ல கீழ போடு.”

மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது. அவள் சுவிட்சைத் தொடவில்லை. படுதாவை ஒரு முழம் தூக்கினாள். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே படர்ந்தது. அதில், பெரியவன் மூலையில் மண்டியிட்டுக் குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ரத்தம் வழியச் சின்னவனும் ஊர்ந்து வந்து பக்கத்தில் கை கொடுத்தான். அடித்த கைதான் அள்ளியது. இரண்டும் தெரிந்ததாகத்தான் ஆண்டவன் கையைப் படைத்திருக்கிறான்.

அலறல் மெல்ல அடங்கியது. எஞ்சிய கோழிகள் அங்கங்கே வயிற்றை மண்ணில் வைத்து உட்கார்ந்தன.

“வலிக்குதாடா?” பெரியவன் தன் துண்டை அவிழ்த்துத் தம்பியின் தலையில் கட்டினான். முடிச்சுப் போடும்போதே தூக்கத்தில் கண் செருகி, தம்பியின் தோளிலேயே சாய்ந்துவிட்டான்.

அந்தத் தூக்கம் கலையாதபடி சின்னவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணி, படுதாவ எறக்குங்க,” என்றான் தாழ்ந்த குரலில். “ஒரேயடியா வேணாம். மெதுவா.”