கூடையில் விழுந்த கல்

1

இந்தக் கதை என் அம்மாவைக் காப்பாற்றப் பிறந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு காரணம் கண்டுபிடித்து உங்களை ஏமாற்ற எனக்குத் தெம்பில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு சிறுத்தை உறங்குகிறது. ஐம்பத்து நாலில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அது விழித்து..."

(அடித்துவிட்டேன். எந்தச் சிறுத்தையும் வரவில்லை. வந்தது வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனம்.)

2

நடந்தது இதுதான். தோட்டத்தில் வேலைநிறுத்தம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. எல்லோரும் பசியோடும் வீம்போடும் லயத்து வாசலில் நின்றார்கள். நான் அப்போது அட்டனில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்து வேலாயியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். மழை தூறியதால் பிள்ளையைக் கொழுந்துக் கூடைக்குள் கிடத்தி, கம்பளியால் மூடி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மருந்து வாங்கத் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினாள். கீழே நின்றவர்களுக்குக் கூடை மட்டும்தான் தெரிந்தது.

"அடியே கருங்காலி! கொழுந்தெடுக்கவா போறே?" என்று யாரோ கத்த, ஆணும் பெண்ணுமாகக் கல்லெறிந்தார்கள். ஒரு கல் கூடைக்குள் விழுந்தது. அந்தப் பிள்ளைதான் மீனம்மா. இடது கண் போய்விட்டது.

3

மீனம்மா இப்போது நான் பாடம் சொல்லித்தரும் வகுப்பில் படிக்கிறாள். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். பெரியம்மா, பெரியம்மா என்று என் அம்மா சுகிர்தத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். அம்மாவும் அவளுக்குச் சுடச்சுட ரொட்டி... (இந்த வாக்கியம் வேண்டாம். ரொட்டியைக் காட்டி மன்னிப்புக் கேட்கிறேன்.)

போன மாதம் கேட்டாள்: "கல்ல யாரு சேர் எறிஞ்சா? ஆத்தாகிட்ட கேட்டா அழுவுது. நீங்க எழுதித் தாங்க, நானே வாசிச்சுக்கிறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

4

(இங்கே "கூட்டத்துக்கு முகமில்லை" என்று ஒரு வரி வைத்திருந்தேன். நல்ல வரி. வெட்கங்கெட்ட வரி. அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் நின்றாள்.)

இத்தனை வருடமும் "எல்லாரும்தானே எறிஞ்சோம்" என்றுதான் அம்மா சொல்லிவந்தாள். போன வாரம் இதை வாசித்துக் காட்டினேன். சிறுத்தை வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சிறுத்தையாவது மண்ணாவது. அது என் கல்லுடா. கூடையில விழுறதப் பாத்தேன்."

"உள்ள புள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதுதான். ஆனா குறி தப்பாம விழுந்தப்போ சந்தோசமா இருந்துச்சு. கைகொட்டிச் சிரிச்சேன்டா. புள்ள அழுவுற சத்தம் கேக்குற வரைக்கும் சிரிச்சேன்."

பிறகு அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5

முடிவு ஒன்று: "கூட்டம் எறிந்தது." மீனம்மா தோட்டத்தில் எல்லோரையும் சந்தேகப்படுவாள், என் அம்மாவைத் தவிர.

முடிவு இரண்டு: "சுகிர்தம் எறி

முடியவில்லை.

வாசகரே, இரண்டில் ஒன்றை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். சீ! இங்கேயும் கூட நின்று எறிய ஆள் சேர்க்கிறேன்.

வெளியே மீனம்மாவின் குரல் கேட்கிறது.

"பெரியம்மா, சேர் கதைய எழுதி முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டான்டி," என்கிறாள் அம்மா. "உள்ள போயி வாங்கிக்க."