மைதானத்துக்கு முதுகு

பன்னிரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் மெக்கானிக் நம்பி வந்தது ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு காலைத்தான். அந்தக் கால்பந்து ஆட்டக்காரருக்கு இடது கால்தான் எல்லாம். வலது கால் பஸ் ஏறுவதற்கு மட்டும் என்பார்கள். அதனால் ரசிகர்கள் பிரியமாக வைத்த பெயர் பீச்சாங்கால். மெக்கானிக் அவரைத் தன் வீட்டு டிவியில் பார்த்திருக்கிறார், பழுது பார்க்கும் சாக்கில் அடுத்தவர் வீட்டு டிவியிலும் பார்த்திருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. இந்த ஊரில் இதுதான் பீச்சாங்காலின் கடைசி ஆட்டம். அடுத்த மாதம் ஓய்வு. டிக்கெட்டோ விற்க ஆரம்பித்த பத்தாவது நிமிடமே தீர்ந்துபோயிருந்தது.

"கட்டின பொண்டாட்டிக்கு ஜுரம்னாகூட உங்க மூஞ்சி இப்படி வாடினதில்ல" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் தன் தம்பிக்குப் போன் போட்டதும் அவள்தான். தம்பி மைதானத்துக் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளன். ஒருநாள் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மஞ்சள் சட்டை, முதல் வரிசைக்கும் முன்னால் இடம். கரும்பு தின்னக் கூலியா என்று மெக்கானிக் அன்றைய வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டார். மூன்று வீடுகளில் பால் திரிந்திருக்கும்.

தடுப்புக் கம்பிக்கும் புல்தரைக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் மச்சினன் விஷயத்தைச் சொன்னான்.

"மாமா, இப்படித் திரும்பி நில்லுங்க. மைதானத்துக்கு முதுகு, ஜனங்களுக்கு முகம்."

"ஆட்டம் ஆரம்பிக்கிற வரைக்குமா?"

"முடியற வரைக்கும். யாரும் உள்ளே குதிக்காம பார்த்துக்கணும். நீங்க திரும்பினது மேலே கேமராவுல தெரிஞ்சா, உங்க சட்டையோட என் சட்டையையும் கழட்டிடுவாங்க."

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மாப்ளே."

"சொன்னா வந்திருப்பீங்களா? நாலு ஆள் குறைஞ்சுது."

விருந்துக்கு வந்தவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்த கதையாயிற்று. விசில் ஒலித்தது. முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. ஃபிரிட்ஜைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தை வைத்துக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறவர். பத்துக்கு ஏழு சரியாகவே இருக்கும். எதிரே இருக்கிற முகங்களை வைத்து ஓர் ஆட்டத்தைப் படித்துவிட முடியாதா என்ன? தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் கறுப்பு மழைக்கோட்டு மாட்டிய ஒரு தொப்பைக்காரர். அகலமான முகம், எதையும் ஒளிக்கத் தெரியாத முகம். அதையே தன் டிவியாக வைத்துக்கொண்டார்.

டிவியில் நல்ல செய்தி வரவில்லை. பீச்சாங்காலிடம் பந்து போகும்போதெல்லாம் கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கும். தொப்பைக்காரர் முகமோ அப்போதெல்லாம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆகும். பந்து அவரை விட்டுப் போனதும்தான் மனிதர் மூச்சே விட்டார்.

மெக்கானிக்குக் கோளாறு பிடிபட்டுவிட்டது. வயசாகிவிட்டது. கால் சொன்னபடி கேட்கவில்லை. ரசிகரே பார்க்கச் சகிக்காமல், பந்து அவரிடம் போகாமலிருந்தால் போதும் என்று வேண்டுகிற நிலைமை. ஆரம்பத்தில் திரும்பத் துடித்த கழுத்து, இடைவேளைக்குப் பிறகு தானாக அடங்கிவிட்டது. பன்னிரண்டு வருடமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த காலைக் கடைசி நாளில் தடுமாறப் பார்த்து, அந்தக் காட்சியையா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது? முதல்முறையாக அந்த விதிமுறைக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

அறுபதாவது நிமிடத்தை ஒட்டி இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கோல். சுற்றியிருந்தவர்கள் குதித்தார்கள். தொப்பைக்காரர் மட்டும் புழுக்கம் தாளாமல் மழைக்கோட்டைப் பொத்தான் தெறிக்கத் திறந்தார். உள்ளே பச்சைச் சட்டை. எதிரணியின் பச்சை.

"யார் போட்டது?" மெக்கானிக்கால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேற யாரு, பீச்சாங்கால்தான். ஆரம்பத்துலேர்ந்தே எங்க ஆளுங்களைத் துவைச்சுக் காயப்போடறார். நீங்க பார்க்கலையா?"

"முதுகுல கண்ணா இருக்கு?"

தொப்பைக்காரர் மஞ்சள் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "அடப்பாவமே" என்றார்.

பத்துக்கு மூன்று தப்பும் என்றாலும் இதிலா தப்ப வேண்டும்? ஒரு மணி நேர அதிசயம் நாலு முழத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறது. இவர் அதற்கு இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். கழுத்து மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

எழுபதாவது நிமிடத்தில் ஒலிபெருக்கி சொன்னது: பீச்சாங்கால் வெளியேறுகிறார், மாற்று ஆள் வருகிறார். கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. அவர் இந்தப் பக்கமாகத்தான் வருகிறார். இதைத் தப்பாகப் படிக்க வழியே இல்லை, எல்லாக் கண்களும் மெக்கானிக்கின் தோளைத் தாண்டி ஒரே இடத்தில் இருந்தன. திரும்பினால் மச்சினன் பிழைப்பு போகும். திரும்பாவிட்டால் இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது.

மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:

"மாமா, ஷூ லேஸ் அவுந்திருக்கு. அந்தப் பக்கமா குனிஞ்சு கட்டுங்க. இங்க நான் பார்த்துக்கறேன்."

மெக்கானிக் போட்டிருந்தது லேஸே இல்லாத ஷூ. அரை நொடி விழித்தார். பிறகு மைதானத்தைப் பார்த்து மண்டியிட்டு, இல்லாத லேஸை மும்முரமாகக் கட்ட ஆரம்பித்தார். தலையைத் தூக்கத் தைரியம் வரவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் இரண்டு கால்கள் கடந்துபோயின. சேறு, சரிந்த காலுறை, கெண்டைச்சதையில் சுற்றிய வெள்ளைக் கட்டு. இடது கால் தரையில் முழுசாக ஊன்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தயங்கி, வலது காலைத் துணைக்குக் கூப்பிட்டு நடந்தது. ஆறு அடி. அவ்வளவுதான்.

எழுந்து பழையபடி திரும்பி நின்றார். தொப்பைக்காரர் கம்பிமேல் சாய்ந்திருந்தார். அவர் கையும் தட்டிச் சிவந்திருந்தது.

"பார்த்தீங்களா?"

"கால் மட்டும்."

"அவர்கிட்ட வேற என்ன இருக்கு பார்க்க?"

"வலிக்குது அவருக்கு" என்றார் மெக்கானிக், சொந்தக்காரர் ஒருவரின் நோயைச் சொல்வதுபோல.

தொப்பைக்காரர் கம்பியிலிருந்து நிமிர்ந்தார். "அந்த வலியோடயா எங்களை இந்தப் பாடு படுத்தினார்?"

"எனக்கென்ன தெரியும்? பார்த்தது நீங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

ஆட்டம் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. பச்சை அணிக்கு அவசரமாக ஒரு கோல் தேவைப்பட்டது. தொப்பைக்காரர் அதை அம்போவென்று விட்டுவிட்டு, வீட்டில் திருட்டுப் போனதைப் போலீஸிடம் சொல்கிறவர் மாதிரி, எந்த வழியாக வந்தார், யார் யாரை ஏமாற்றினார், எதை எடுத்துக்கொண்டு போனார் என்று கையை ஆட்டி ஆட்டி, ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார்.