மழையை விசாரிக்கிற சம்பந்தி

பாப்பாத்திக்குப் பொய் சொல்ல வராது. கச்சிராயபாளையத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து வீட்டுக் கோழி தன் வீட்டில் முட்டையிட்டால் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு விடமாட்டாள். நேற்று இட்டதைத் தெரியாமல் குழம்பில் உடைத்து ஊற்றிவிட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருவாள். அந்த ஒரு குணத்துக்காகத்தான் அவளுடைய கணவர் தெய்வசிகாமணி, ஐம்பத்தைந்து வயதில் அவளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

ஒரே மகன் இளஞ்செழியனுக்கு அயர்லாந்தில் வேலை. வயது முப்பத்து நாலு. ஊரில் பார்த்த பெண்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு, அங்கே நோரா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றான். தெய்வசிகாமணி நிறத்தைப் பற்றியோ சாமியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த வூட்டுக்கு நிலம் கீதா?" என்று மட்டும் கேட்டார். கோமுகி அணைத் தண்ணீரில் ஆறு ஏக்கர் கரும்பு போடுகிற மனிதர். மண்ணில் கால் வைக்காத வீட்டில் பெண் எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு நம் கஷ்டம் புரியாது என்பது அவருடைய கட்சி. பெண்டாட்டி சொன்னாலும் மாறாது, பஞ்சாயத்து சொன்னாலும் மாறாது.

மகனும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அப்பா சம்மதித்தால் தை மாதம் ஊரில் கல்யாணம், இல்லாவிட்டால் அங்கேயே ஏதோ ஒரு ஆபீஸில் கையெழுத்து என்று சொல்லிவிட்டான். பாப்பாத்தி கிடந்து தவித்தாள். பெற்றது ஒன்று. அதன் கல்யாணத்தையும் கையகலப் போனில் பார்க்கச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் சோறு இறங்கும்?

நோராவின் அம்மா பிரிஜித், கணவனை இழந்தவள், சனிக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வந்தாள். மகன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். முதல் வாரம் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, அங்கே மழை உண்டா என்பது. இரண்டாம் வாரமும் மழை. மூன்றாம் வாரம் மழை, காற்று, அப்புறம் கொஞ்சம் மேகம். கால் முடிந்ததும் பாப்பாத்தி கணவரிடம் ஓடினாள்.

"இன்னாங்க, ஆளு நல்லா கீறாங்களான்னு கேக்கறதுக்கு முன்னாடி மழைய கேக்கறாங்க. வெள்ளாம பண்ற வூடுதாங்க அது. வேற எவளாவது வாராவாரம் மழைய விசாரிச்சிக்கினு இருப்பாளா?"

தெய்வசிகாமணி மீசையைத் தடவினார். நியாயமாகத்தான் பட்டது. அவருடைய சொந்த அக்காவே போன் செய்தால் மலை மேலே கறுத்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பாள். "ஆனா உம் புள்ளைய நம்ப முடியாது. அந்தப் பக்கம் சாஞ்சிட்டான். ஏழு சென்ட்ட எழுவது ஏக்கர்னுவான். நீயே இங்கிலீசு கத்துக்கினு நேரா கேளு. நீ சொன்னா ஒத்துக்கறேன். அதுவரைக்கும் நான் அந்தம்மாவுக்கு முகம் காட்ட மாட்டேன்."

இப்படியாக, பம்புசெட் கடை மாடியில் இசபெல்லா என்கிற டீச்சர் நடத்தும் வகுப்புக்குப் பாப்பாத்தி போனாள். வெளிநாட்டுக்குக் கிளம்பும் நர்ஸ் பிள்ளைகள் ஒன்பது பேர், நடுவில் தலை நிறையக் கனகாம்பரத்தோடு இவள். அவளுக்கென்று இசபெல்லா 'வெதர்' பாடத்தை முன்னால் இழுத்து வைத்தாள்.

"லவ்லி டே. அதாவது, நல்லா வெயில் அடிக்குது, சந்தோசமா இருக்கு."

"வெயில் அடிச்சா இன்னா சந்தோசம் டீச்சரம்மா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான்க்கா. சொல்லுங்க, லவ்லி டே."

அடுத்து காலங்கள் வந்தன. நாலே நாலு. பாப்பாத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆடிக் காற்று எங்கே, ஐப்பசி அடைமழை எங்கே, கத்திரி வெயில் எங்கே? இலை உதிர்வதற்கு ஒரு காலமாம், அதற்கு ஒரு பெயராம். "எங்க கொல்லையில வேப்பமரம் மாசியில உதுக்குது, பங்குனியில துளுக்குது. அதுக்குப் போயி எவன் பேரு வெச்சிக்கினு இருப்பான்?" என்றாள். நர்ஸ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

இசபெல்லா நல்ல பெண். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். "அக்கா, வெள்ளக்காரங்க சும்மாதான் மழைய கேப்பாங்க. பேச்ச ஆரம்பிக்க ஒரு சாக்கு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"மழைன்னா இன்னா வெளாட்டா டீச்சரம்மா, சும்மா கேக்கறதுக்கு?" என்று பாப்பாத்தி எழுந்துவிட்டாள். இசபெல்லா கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் மகன் இல்லாமலே பேச்சு நடந்தது. "இட் இஸ் ரெய்னிங். வெரி ஹேப்பி!" என்றாள் பாப்பாத்தி. பிரிஜித், "ஹியர் டூ. டெரிபிள்!" என்று முகத்தைச் சுளித்தாள். மழையைத் திட்டுகிறாளே என்று பாப்பாத்திக்குத் திக்கென்றது. ஆனால் மனம் தனக்கு வேண்டிய நியாயத்தைத் தானே தேடிக்கொள்ளும். கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவரிடம், "அறுப்பு நேரத்துல மழை புடிச்சிக்கிச்சு போலங்க, பாவம்" என்றாள். அவரும் உச்சுக்கொட்டினார். பயிர் நனைந்த துக்கம் அவருக்குத் தெரியாததா?

புரட்டாசியில் கல்யாண மண்டபத்துக்காரர் ஆள் விட்டுவிட்டார். தை முகூர்த்தம் வேண்டுமா வேண்டாமா, இரண்டு நாளில் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தெய்வசிகாமணி போனுக்குப் பின்பக்கம், படத்தில் விழாத தூரத்தில், கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு கேட்டுடு" என்றார்.

பிரிஜித் வந்தாள். மழை விசாரிப்பு முடிந்தது. பாப்பாத்தி போனை நெருங்கி உட்கார்ந்தாள். "யூ... லேண்ட்? ஹௌ மெனி ஏக்கர்?"

அந்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நோ, நோ! நோ லேண்ட்! கம், சீ" என்று போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு கதவு திறந்தது. பாய் விரித்தால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு பால்கனி. கம்பி ஓரம் மூன்று தொட்டிகள். மூன்றிலும் தக்காளிச் செடி. "த்ரீ!" என்று மூன்று விரலைக் காட்டினாள்.

பாப்பாத்திக்குப் புரிந்துவிட்டது. டீச்சரம்மா சொன்னது சரிதான். சும்மாதான் கேட்டிருக்கிறாள். இத்தனை வாரமும் மழை, காற்று, மேகம், எல்லாம் சும்மா. மண்டபம் போயிற்று, மேளம் போயிற்று, பிள்ளையின் மாலையும் கழுத்துமான கோலம் போனோடு போயிற்று.

பிரிஜித் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். காய்கள் பச்சையாகவே தொங்கின, இலை ஓரமெல்லாம் கறுத்திருந்தது. "டூ மச் ரெய்ன். நோ சன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். கட்டைவிரலால் எதையோ நசுக்கினாள். அடுத்த இலையையும் திருப்பினாள். போனில் ஆள் காத்திருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

பாப்பாத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். இலையின் அடிப்பக்கம் பார்க்க யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பூச்சி அங்கேதான் இருக்கும் என்று பயிரோடு கிடந்து வயிறெரிந்தவளுக்குத்தான் தெரியும். சும்மா கேட்கவில்லை இவள். மூன்று செடிக்காக வாராவாரம் வானத்தைப் பார்த்திருக்கிறாள். பாப்பாத்திக்குச் சட்டென்று அவள்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது.

"இன்னா சொல்றாங்க?" என்றார், இங்கிலீஷில் ஒரு எழுத்தும் விளங்காத தெய்வசிகாமணி.

"தக்காளி போட்டிருக்காங்களாம். மழை ஜாஸ்தியாம். காயே பழுக்கலயாம்."

"எவ்ளோ?"

"மூணு."

"மூணு ஏக்கரும் தக்காளியா!" அவர் கட்டிலில் நிமிர்ந்தார். "ஆளு அம்பு?"

"ஒண்டியாத்தான் பாத்துக்கறாங்க. புருசன் செத்து அஞ்சு வருசம் ஆவுதாம்."

ஒரு சொல் பொய்யில்லை. ஏக்கர் என்று சொன்னவர் அவர்தான், அவள் இல்லை. தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒண்டிப் பொம்பள மூணு ஏக்கர் தக்காளி வெச்சிக்கினு மழையில அல்லாடுது. அந்த வூட்டுப் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? நவுரு, நான் பேசறேன்."

திரையில் மூன்று தொட்டிகளும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன. அவர் இன்னும் நாலே எட்டில் வந்துவிடுவார். இசபெல்லா டீச்சர் வாழ்க.

"அவுட்சைட் ரெய்ன்!" என்று கத்தினாள் பாப்பாத்தி. "வெரி கோல்ட்! கோ இன்சைட், ப்ளீஸ்! ஃபீவர் கம்!"

தன் உடம்புமேல் இவ்வளவு அக்கறையா என்று பிரிஜித்துக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்தபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தெய்வசிகாமணி வந்து குனிந்தபோது திரையில் ஒரு வெள்ளைச் சுவரும் ஈரக் கண்ணும்தான் இருந்தன. அவர் இரண்டு கையையும் கூப்பினார். "தை மாசம் கண்டிப்பா வந்துடுங்கம்மா."

பாப்பாத்தி தனக்குத் தெரிந்த அத்தனை இங்கிலீஷையும் கூட்டிச் சேர்த்தாள். "ஜனவரி. நோ ரெய்ன். லவ்லி டே. யூ கம்."

"ஐ வில்" என்றாள் பிரிஜித்.

போனை வைத்த பிறகும் தெய்வசிகாமணிக்கு மனம் ஆறவில்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அந்தம்மா திரும்பிப் போவும்போது நம்மூரு தக்காளி வெத குடுத்தனுப்பணும். மூணு ஏக்கருக்கு எவ்ளோ புடிக்கும்?"

பாப்பாத்தி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு சிட்டிக போதுங்க" என்றாள். "நல்ல வெத."